களநாளப் புடைப்பும் தாதியர் பராமரிப்பும்

விழா மலரிலே நோயைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என வினவுவாரும் இருத்தல் கூடும். கல்லூரி தன் மாணாக்கருக்கு ஊட்டிய கல்வி உலகினுக்கு எவ்வாறு பயன்பட்டது என எண்ணிப் பார்க்குங் காலமே விழாக் காலம். அயல் வீட்டிலே ஒருவர் திடீரெனக் குருதி கக்கிச் சாயும் வேளையில், கற்றவர் செய்வதறியாது திகைத்து நிற்பாராயின் அக்கல்வியாற் பயன் சிறிதே. ஆதலின், அத்தகைய பேரிடர் ஒன்றின் காரணத்தையும், அதனை எதிர்கொள்ளும் முறையையும், நோயாளரைப் பேணும் வகையையும் இக்கட்டுரையிலே ஆராய விழைகின்றோம்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, மருத்துவம் நான்கு கூறுடையது என வள்ளுவர் வகுத்துள்ளார். நோயுற்றவனும், நோய் தீர்ப்பவனும், மருந்தும் மூன்று கூறுகள். நான்காவது கூறு, அருகிருந்து அம்மருந்தினைப் பிழையின்றி இயற்றுபவன். இந்நான்காமவரையே நாம் இன்று தாதியர் என்கிறோம். நாம் எடுத்துக்கொண்ட நோயிலே இந்நான்காம் கூறு தளருமாயின் ஏனைய மூன்றும் பயனின்றிப் போதல் கூடும். இதனை நிறுவுவதே எமது நோக்கம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டிற் பணிபுரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் (1822–1884), மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். அம்மரபு வழி வந்த நாம் இத்தகைய பொருளைத் தமிழிலே கூறக் கூசவேண்டுவதில்லை. உணவுக் குழாயை எமது பாடநூல்கள் ‘களம்’ என்பன. இருதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாயை ‘நாளம்’ என்பன. களத்தின் உட்சுவரிலுள்ள நாளங்கள் வீங்கி, முறுக்கேறிப் புடைத்து நிற்றலே களநாளப் புடைப்பு.

ஈரலின் வாயில்

உடலின் பிற பாகங்களிலிருந்து வரும் குருதி நேரே இருதயத்தை அடைகின்றது. இரைப்பை, குடல், மண்ணீரல், சதையி ஆகியவற்றிலிருந்து வரும் குருதியோ அவ்வாறு செல்வதில்லை. அது முதலில் ஈரலுக்குச் சென்று, ஆங்கு உணவுச் சத்துகள் பிரிக்கப்பட்டு, நச்சுப் பொருள்கள் நீக்கப்பட்ட பின்னரே இருதயத்தை நாடுகின்றது. குடலின் குருதியை ஈரலுக்குக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்க்கு வாயில் நாளம் என்று பெயர். ஈரலுக்கு ஒரு நிமிடத்தில் வந்து சேரும் குருதி ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். அதனில் முக்காற் பங்களவு இவ்வாயில் நாளத்தின் வழியே வருகின்றது.

இத்துணைப் பெரிய ஓட்டம் நடைபெறினும் ஆங்குள்ள அமுக்கம் மிகச் சிறிதே. நாடிகளிலே இரசம் 120 மில்லிமீற்றர் வரை உயர, வாயில் நாளத்துக்கும் ஈரலிலிருந்து வெளியேறும் நாளத்துக்கும் இடையேயுள்ள அமுக்க வேறுபாடு 1 முதல் 5 மில்லிமீற்றர் வரையே ஆகும். நலமுள்ள ஈரல் பஞ்சு போன்று மென்மையாயிருந்து, வருங் குருதிக்கு எதிர்ப்பின்றி வழிவிடுதலே இதற்குக் காரணம்.

அமுக்கம் உயருமாறு

வன்னியிலே வயல் செய்வார் நன்கறிந்த உவமை ஒன்று இதனை விளக்கும். குளத்திலிருந்து வரும் பெருவாய்க்காலில் அடைப்பு ஏற்படுமாயின் நீர் நின்றுவிடுவதில்லை. அது பின்னோக்கித் தேங்கி, மட்டம் உயர்ந்து, சிறுவாய்க்கால்களிலே பாய்கின்றது. அச்சிறுவாய்க்காலின் வரம்பு அவ்வளவு நீரைத் தாங்குதற்கென அமைந்ததன்று. எனவே வரம்பின் மெலிந்த இடத்திலே உடைப்பு எடுக்கின்றது.

ஈரலிலும் இதுவே நிகழ்கின்றது. நீண்டகால அழற்சியினாலே ஈரற் கலங்கள் அழிய, அவ்விடங்களில் வடு தோன்றி, ஈரல் முழுவதும் முடிச்சு முடிச்சாக இறுகிவிடும் நிலையைச் சிரோசிசு என்பர். இறுகிய ஈரல் குருதிக்கு வழிவிடாது; வாயில் நாளத்தில் அமுக்கம் உயர்கின்றது. அடைப்பு எப்பொழுதும் ஈரலினுள்ளேதான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. வாயில் நாளத்திலே குருதி உறைந்து அடைத்துக்கொள்ளலாம். சிறுவரிடத்தே இது காணப்படுகின்றது. ஈரலுக்கு அப்பாலுள்ள நாளங்களும் அடைபடலாம். எகிப்து முதலிய நாடுகளிலே நன்னீரில் வாழும் ஒருவகை ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகள் ஈரலிற் படிந்து இந்நோயை விளைத்து வந்துள்ளன.

அடைப்பு ஒன்று, வரத்துப் பெருக்கம் மற்றொன்று. வாயில் அமுக்கம் உயர்ந்த பின்னர்க் குடலின் நாடிகள் விரிவடைய, முன்னிலும் மிகுதியான குருதி குடலுக்குட் பாய்கின்றது. வாய்க்கால் அடைபட்ட வேளையிலே மேற்றிசையில் மழையும் பெய்தாற் போல்வது இது. பின்னர்க் கூறப்படும் மருந்துகள் சில, அடைப்பை நீக்காமல் இவ்வரத்தைக் குறைத்தே பயன் தருகின்றன.

புடைப்பும் வெடிப்பும்

களத்தின் கீழ்ப்பகுதியிலே இருவகை நாளங்கள் சந்திக்கின்றன. ஒருவகை வாயில் நாளத்தைச் சேர்வது. மற்றையது மார்பின் வழியே நேரே இருதயத்தை நோக்கிச் செல்வது. நலமுள்ள காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொடர்பு மிகச் சிறிது. வாயில் வழி அடைபட்ட பொழுது, தேங்கிய குருதி இச்சந்தியினூடாகவே தப்பிச் செல்கின்றது. மெல்லிய சவ்வின் கீழே, தாங்குதற்கு வேறு தசையின்றிக் கிடக்கும் அந்நாளங்கள் நாளடைவிற் புடைக்கின்றன.

மேலே கூறிய அமுக்க வேறுபாடு 10 மில்லிமீற்றரை எட்டும் பொழுது புடைப்புகள் தோன்றும் நிலை உண்டாகின்றது. 12 மில்லிமீற்றரை எட்டிய பின்னரே அவை வெடித்துக் குருதி பெருகும் நிலை வருகின்றது. சுவரின் இழுவிசை, உள்ளமுக்கத்தோடும் குழாயின் ஆரையோடும் கூடும்; சுவரின் தடிப்புக் கூடக் குறையும். துவிச்சக்கரவண்டியின் றியூப் ஓரிடத்திலே பொம்மிக்கொண்டால், பொம்மிய இடம் மேலும் மெலிந்து, மேலும் பொம்மி, ஈற்றில் அவ்விடமே வெடித்தலைக் கண்டுள்ளோம். பெரிய புடைப்பே முதலில் வெடித்தற்கும் அதுவே காரணம்.

இதனால் அறியத்தக்கது யாதெனின், புடைப்புத் தனித்ததொரு நோயன்று. உள்ளே உயர்ந்து நிற்கும் அமுக்கத்தின் அடையாளம். வெடித்த நாளத்தை அடைத்தலோடு வைத்தியம் முற்றுப்பெறாமைக்கும், நோயாளரைத் தொடர்ந்து பேணவேண்டுவதற்கும் காரணம் இதுவே.

யாருக்கு இந்நோய் வரும்?

மதுபானம் சிரோசிசுக்குரிய பெருங்காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், குருதி கக்கியவர் யாவரும் குடிகாரர் என எண்ணுதல் பெரும் பிழை. ஈரலழற்சி வைரசுகளான பீ, சீ என்பவை எத்தனையோ நாடுகளில் இந்நோய்க்கு முதற் காரணமாயிருந்துள்ளன. இக்காலத்திலே நீரிழிவும் உடற்பருமனும் உடையாரிடத்தே ஈரலிற் கொழுப்புப் படிந்து, அதுவே ஆண்டுகள் செல்லச் சிரோசிசாக மாறுகின்றது. இலங்கையிலே ராகமப் பகுதியில் 2007ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஆய்வொன்று, நடுத்தர வயதினருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மதுவோடு தொடர்பற்ற கொழுப்பு ஈரல் இருத்தலைக் கண்டது. அவருட் சிலருக்கே சிரோசிசு வருமெனினும், அத்தொகை எச்சரிக்கை தருவதேயாம்.

மதுவையே தொட்டறியாத ஆசிரியர் ஒருவரோ, பேரப்பிள்ளைகளைக் கண்ட மூதாட்டி ஒருவரோ இந்நோயால் வருந்தும் பொழுது, அயலார் கூறும் பழிச்சொல் நோயினும் கொடிதாகின்றது. பழிக்கு அஞ்சி நோயை மறைப்பார். மறைத்த நோய் முற்றும். மதுவால் நோயுற்றவரும் இகழ்தற்குரியரல்லர். இகழப்பட்டவர் வைத்தியரை நாடார். நாடாதவரைக் காப்பாற்ற ஒருவராலும் இயலாது. தாதியர் பராமரிப்பின் முதற்பாடம் இதுவே: நோயாளரின் வரலாற்றைத் தீர்ப்புக் கூறாது கேட்டல்.

மறைந்திருக்கும் காலம்

புடைப்பு வெடிக்கும் வரை நோவு தருவதில்லை. விழுங்குதலையும் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆதலின் அதன் இருப்பைப் பிற குறிகளாலேயே ஊகித்தல் வேண்டும். மண்ணீரல் வீங்குதல், குருதிச் சிறுதட்டுகள் குறைதல், வயிற்றில் நீர் கட்டும் மகோதரம், கண்கள் மஞ்சளித்தல், கால் வீக்கம், உள்ளங்கை சிவத்தல், காரணமின்றி உடல் மெலிதல் என்பன அத்தகையவை. சிரோசிசு உண்டென அறியப்பட்டவருக்கு, களத்தினுட் செலுத்தி நோக்கும் குழாயினாலே சோதித்துப் புடைப்பின் பருமனை அறிவர். ஈரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கும் கருவி இக்காலத்தில் உண்டு. இறுக்கமும் மிகாது, சிறுதட்டுகளும் ஒரு கனமில்லிமீற்றரில் 150,000க்கு மேலிருப்பின் குழாய்ச் சோதனையைப் பின்போடலாம் என்பது இப்போதைய கொள்கை.

வெடிக்கும் முன்னரே புடைப்பைக் கண்டுபிடித்தலின் அருமை பெரிது. ஏனெனில், வெடித்த பின்னர், இன்றைய சிறந்த வைத்தியம் கிடைத்தும், ஆறு வாரத்துள் இறப்பவர் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரையினர்.

வீட்டிலே நிகழுமாயின்

குருதி கக்குதல் முன்னறிவிப்பின்றி, பெரும்பாலும் நோவின்றி நிகழும். வெளிவருவது செங்குருதியாகவோ கட்டிகளாகவோ இருக்கலாம். இரைப்பையிலே தங்கிய குருதி கோப்பித்தூள் போலவும் வரலாம். சிலரிடத்தே வாந்தியின்றி, தார் போலக் கரிய, ஒட்டுந்தன்மையுள்ள, கடும் நாற்றமுள்ள மலமே முதற்குறியாகும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருமையாக்கும்; ஆயின் அதனிடத்துத் தாரின் ஒட்டுந்தன்மையும் அந்நாற்றமும் இரா. வெற்றிலைச் சாற்றையும் பீற்றூட்டையும் குருதியென மயங்குதலும், குருதியை வெற்றிலைச் சாறெனப் பொருட்படுத்தாது விடுதலும் எம்மூரிலே நிகழக்கூடியன. ஐயமிருப்பின் குருதியென்றே கொள்ளல் நன்று.

அவ்வேளையிலே செய்யத்தக்கன இவை: நோயாளரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தல் வேண்டும், மல்லாந்து கிடப்பாராயின் குருதி மூச்சுக் குழாயிற் புகும். வாயிலுள்ளவற்றை மெல்லத் துடைத்தல் வேண்டும். போர்வையாற் போர்த்துதல் வேண்டும். காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இலங்கையிலே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். அச்சேவை 2016ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018ஆம் ஆண்டிலே வடக்கிற்கும் வந்தது. நோயாளர் உண்ணும் மருந்துகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டு உடன் கொண்டுசெல்லல் வேண்டும். எவ்வளவு குருதி வெளிவந்தது என்பதைத் தேநீர்க் கோப்பைக் கணக்கிலாயினும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

செய்யத்தகாதன: தண்ணீரோ, கோப்பியோ, கைமருந்தோ பருகக் கொடுத்தல், வாந்தியை நிறுத்தவெனத் தொண்டையினுள் விரலிடுதல், ‘விடியட்டும்’ எனக் காத்திருத்தல். இம்மூன்றனுள் இறுதியதே பல உயிர்களைக் கொள்வது.

வைத்தியசாலையிலே

வைத்தியசாலையை அடைந்தவுடன் தாதியின் கவனம் முதலிற் செல்லவேண்டியது குருதியிடத்தன்று, மூச்சினிடத்து. மயக்கமுற்றவர், மிகுதியாகக் கக்குபவர் ஆகியோருக்கு மூச்சுக் குழாயைக் காக்கும் ஏற்பாடு செய்த பின்னரே குழாய்ச் சோதனை செய்வர். உறிஞ்சு கருவி படுக்கையருகே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இரு கைகளிலும் பருமனான ஊசிக் குழாய்களை ஏற்றி, குருதி வகையறிதற்கும் பிற சோதனைகளுக்கும் குருதி எடுப்பர். நாடித்துடிப்பு, குருதியமுக்கம், மூச்சு, உணர்வு நிலை ஆகியவற்றைத் தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கொரு முறை குறித்தல் வேண்டும். சிறுநீரை மணிக்கணக்கிலே அளந்து, 30 மில்லிலீற்றருக்குக் குறையுமாயின் உடனே அறிவித்தல் வேண்டும்.

இங்கே மாணாக்கர் மனங்கொள்ளத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. குருதி இழந்தவருக்கு நாடி விரையும் என்பது பொதுவிதி. ஆயின் புடைப்புள்ளவர்களுட் பலர், புரொப்பிரனலோல் அல்லது கார்வெடிலோல் என்னும் மருந்தை முன்னரே உண்பவராயிருப்பர். அம்மருந்து நாடியை விரையவிடாது. பெருமளவு குருதி இழந்தும் நாடி 70, 80 எனக் காட்டும்; அதனைக் கண்டு அமைதியுறும் தாதி ஏமாறுவார். குளிர்ந்த வியர்வை, வெளிறிய உதடு, அமைதியின்மை, குறைந்த சிறுநீர் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

குருதி ஏற்றுதலிலும் அளவு வேண்டும். இழந்த குருதி முழுவதையும் விரைந்து நிரப்புதல் நன்றென்றே தோன்றும். ஆயின் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய குருதி வாயில் அமுக்கத்தை உயர்த்தி, மூடிய வாயை மீண்டுந் திறக்கும். பார்சலோனா நகரிலே நிகழ்ந்து 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே, மேல் உணவுப் பாதையிற் குருதி பெருகிய நோயாளர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றரில் 7 கிராமுக்குக் குறைந்த பின்னரே குருதி ஏற்றப்பட்டவர்களுள் 100க்கு 95 பேர் ஆறு வாரங் கடந்து உயிர் வாழ்ந்தனர்; 9 கிராமுக்குக் குறைந்தவுடன் ஏற்றப்பட்டவர்களுள் 91 பேரே வாழ்ந்தனர். பாதி மூடிய வாய்க்காலில் மதகை முற்றாகத் திறத்தல் அறிவுடைமையன்று என்பதை இது காட்டுகின்றது. பெருவெள்ளமாகக் குருதி பாயும் வேளைக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஆங்கு வைத்தியரின் முடிவே முடிவு.

குடலுக்குச் செல்லும் குருதியைக் குறைக்கும் டெர்லிப்பிரெசின், ஒக்ட்ரியோடைட் முதலிய மருந்துகளைக் காலந்தாழ்த்தாது நாளத்தின் வழியே தொடங்குவர். டெர்லிப்பிரெசின் பெறுபவரிடத்தே நெஞ்சுநோவு, விரல்கள் குளிர்ந்து நீலமாதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றுகின்றனவா எனத் தாதி பார்த்தல் வேண்டும். கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்தும் முதல் நாளிலேயே கொடுக்கப்படும். இந்நோயாளர் குருதி இழப்பால் இறவாது தப்பித் தொற்றினால் இறத்தலும் உண்டு. 12 மணி நேரத்துள் குழாயை உட்செலுத்திப் புடைப்பை நோக்கி, இறப்பர் வளையத்தால் அதன் அடியைக் கட்டுவர். கட்டப்பட்ட புடைப்பு குருதியோட்டமின்றி வாடி உதிர்ந்துவிடும்.

வைத்தியம் வளர்ந்த வரலாறு

இவ்வெளிய வளையத்தை அடைதற்கு மருத்துவ உலகம் நெடுந்தூரம் நடந்தது. உருசிய நாட்டவரான எக் என்பார் 1877ஆம் ஆண்டிலே நாய்களில் வாயில் நாளத்தைப் பெருநாளத்தோடு இணைத்து, ஈரலைச் சுற்றிச் செல்லும் புறவழி அமைத்தார். பின்னர் 1893ஆம் ஆண்டிலே பவ்லோவும் அவர்தம் உடனாய்வாளரும் அவ்வாறான நாய்களுக்கு இறைச்சியூட்ட, அவை மதிமயங்கி வலிப்புற்றன. ஈரலைத் தவிர்த்துச் செல்லும் குருதி மூளைக்கு நஞ்சாகும் என்பது அதனால் விளங்கிற்று. 1939ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டவரான கிறபோட், பிறெங்னர் என்போர் புடைப்பிலே மருந்தேற்றி அதனை இறுகவைத்தமையை வெளியிட்டனர். 1945ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கிலே விப்பிள் முதலியோர் எக்கின் புறவழியை மனிதரிடத்துக் கையாண்டனர். குருதி நின்றது, ஆயின் பலருக்கு மதிமயக்கம் வந்தது. 1950ஆம் ஆண்டிலே செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் என்போர் பலூன் பொருத்திய குழாயை அறிமுகஞ் செய்தனர். 1980ஆம் ஆண்டையடுத்துப் பாரிசிலே லெப்ரெக் என்பார், இருதய நோய்க்குரிய புரொப்பிரனலோல் இங்கும் பயன்படுதலை நிறுவினார். அப்பத்தாண்டிலேயே அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஸ்டீக்மன் வளையங் கட்டும் முறையை வகுத்தார். அதன் இறுதியிலே கழுத்து நாளத்தின் வழியே சென்று ஈரலினுள் உலோக வலைக்குழாய் வைக்கும் முறையும் செருமனியிலே வளர்ந்தது.

பிரான்சு நாட்டு வைத்தியசாலை ஒன்றின் கணக்கின்படி, இந்நோயாளருள் 1980ஆம் ஆண்டில் வைத்தியசாலையிலே இறந்தவர் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர். 2000ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்குப் பதினைந்தளவிற் குறைந்தது. வளையம், மருந்து, தொற்றுத் தடுப்பு, தீவிர பராமரிப்பு யாவும் ஒருங்கு சேர்ந்தமையின் பயன் அது.

பலூன் குழாயும் கத்தரிக்கோலும்

வளையமும் மருந்தும் தோற்றவிடத்துப் பலூன் குழாய் இன்றும் உதவுகின்றது. இரைப்பையிலே ஒரு பலூனும் களத்திலே ஒரு பலூனும் காற்றால் நிரம்பி, புடைப்பின்மீது அழுத்திக் குருதியை நிறுத்தும். இது தற்காலிக உபாயமே. 24 மணி நேரத்துக்கு மேல் அழுத்தினாற் களத்தின் சுவர் புண்ணாகும். இரைப்பைப் பலூன் சரியான இடத்திலுள்ளதை எக்ஸ்-கதிர்ப் படத்தால் உறுதிசெய்தல், களப் பலூனின் அமுக்கத்தை அளவுமானியாற் பார்த்தல், குழாயின் வாய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டுதல், உமிழ்நீரை விழுங்க இயலாதவராதலின் வாயையும் தொண்டையையும் அடிக்கடி உறிஞ்சித் துப்புரவாக்குதல், மூக்கின் ஓரம் புண்ணாகாது காத்தல் ஆகியன தாதியின் கடன்கள்.

படுக்கையின் தலைமாட்டிலே கத்தரிக்கோல் ஒன்று எந்நேரமும் தொங்குதல் வேண்டும். இரைப்பைப் பலூன் வெடித்து, களப் பலூன் மேலெழும்பி மூச்சை அடைக்குமாயின், வைத்தியரை அழைத்து வரும்வரை உயிர் காத்திராது. அக்கணமே குழாயைக் குறுக்கே வெட்டிக் காற்றை வெளியேற்றி, குழாயை இழுத்தெடுத்தல் வேண்டும்.

குருதி நின்ற பின்னர்

குருதி நின்றதும் உறவினர் முகம் மலரும். தாதியின் பணியோ அப்பொழுதுதான் நுண்மை அடைகின்றது. முதல் ஐந்து நாள்களிலே மீண்டுங் குருதி பெருகுதல், மதிமயக்கம், கிருமித் தொற்று, சிறுநீரகத் தளர்ச்சி ஆகிய நான்கும் காத்திருக்கின்றன.

குடலிலே தேங்கிய குருதியும் புரதமேயாதலின், அது சிதைந்து அமோனியாவாகி, தளர்ந்த ஈரலைக் கடந்து மூளையை அடைகின்றது. மயக்கத்தின் தொடக்கம் மிக மெல்லியது. இரவு விழித்துப் பகலிலே துயில்வார். கேட்ட வினாவையே மீண்டுங் கேட்பார். இயல்பிலே அமைதியானவர் சினங் கொள்வார். கைகளை முன்னே நீட்டி, பேருந்தை மறிப்பார் போல உள்ளங்கைகளை நிமிர்த்தச் செய்தால், கைகள் பறவையின் சிறகு போலத் தளர்ந்து தளர்ந்து அடிக்கும். நாள்தோறும் ஒரு தாளிலே கையொப்பமிடச் செய்து முன்னைய கையொப்பங்களோடு ஒப்பிடுதல் எளியதோர் உபாயம். இம்மாற்றங்களை முதலிற் காண்பவர் வைத்தியரல்லர்; அருகிருப்பவரே. ‘களைப்பாயிருக்கிறார், உறங்கட்டும்’ என விட்டுவிடின் காலங் கடந்துவிடும். லக்டுலோஸ் பாகினைக் கொடுத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகச் செய்தல் இதற்குரிய வைத்தியம். உறக்க மாத்திரைகள் நஞ்சுக்கு நிகரானவை.

வளையங் கட்டிய பின்னர் நெஞ்சின் நடுவே சில நாள் நோவும் விழுங்குதலிற் சிறு இடரும் இருத்தல் இயல்பு. முதலிற் குளிர்ந்த நீருணவும், பின்னர்க் குழைந்த சோறும் கஞ்சியும் கொடுத்தல் நன்று. புடைப்பு உதிரும் இடத்திலே சிறு புண் தோன்றுவதால், ஒன்றிரண்டு வாரங்களின் பின்னரும் குருதி பெருகலாம் என்பதை வீடு செல்லுமுன் எடுத்துரைத்தல் வேண்டும்.

வீடு திரும்பிய பின்னர்

புடைப்புகள் மறையும் வரை சில வார இடைவெளியிலே மீண்டும் மீண்டும் வளையங் கட்டுவர். அத்துடன் புரொப்பிரனலோல் அல்லது கார்வெடிலோலை நாள்தோறும் உண்ணல் வேண்டும். நலமாயிருக்கிறோமென அதனைத் தாமே நிறுத்துதல் தீது. தலைச்சுற்று, மிகத் தாழ்ந்த குருதியமுக்கம், சிறுநீர்க் குறைவு தோன்றின் வைத்தியரிடம் கூறி அளவை மாற்றுவித்தல் வேண்டும்.

உணவைப் பற்றிய மயக்கங்கள் பல. ஈரல் நோயாளர் புரதம் உண்ணலாகாது என்னும் பழைய கொள்கை கைவிடப்பட்டது. பட்டினியால் தசை கரையின் மயக்கம் மேலும் மிகும். பால், தயிர், பயறு, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றைப் பலமுறை சிறிது சிறிதாக உண்ணலாம். இரவு படுக்குமுன் ஒரு சிற்றுணவு இன்றியமையாதது. நீண்ட இரவு அவருக்கு நீண்ட பட்டினியாகும். மகோதரம் உள்ளவர் உப்பைக் குறைத்தல் வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகிய எமது சுவைப் பொருள்கள் யாவும் உப்பின் களஞ்சியங்களே. அசுப்பிரின், இபுபுரோபென், டைக்குளோபெனாக் முதலிய நோவு மாத்திரைகள் குருதிப் பெருக்கை வரவழைப்பன. மூட்டுநோவுக்கெனக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. உட்பொருள் அறியப்படாத கஷாயங்களையும் வைத்தியருக்கு மறைத்து உண்ணலாகாது.

மது முற்றாக விலக்கத்தக்கது. அதனை ‘விடு’ என அதட்டுதலால் விடுபவர் சிலரே. திடீரென விடுபவருக்கு நடுக்கமும் பிதற்றலும் வருமாதலின், அதற்கும் வைத்திய உதவி தேடல் வேண்டும். மதுவை விட்டவரது வாயில் அமுக்கம் குறைதலும், ஈரல் ஓரளவு தேறுதலும் கண்கூடு. தேறாத ஈரலுக்கு மாற்றீரல் பொருத்துதலே முடிவான வைத்தியம். அது இலங்கையிலும் செய்யப்படுகின்றது.

வருமுன் காத்தல்

பீ வகை ஈரலழற்சிக்குரிய தடுப்பூசி 2003ஆம் ஆண்டு முதல் இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முன் பிறந்தவர்கள், சிறப்பாக வைத்தியசாலைகளிற் பணிபுரிபவர்கள், தாம் அதனைப் பெற்றுள்ளனரா என வினவியறிதல் வேண்டும். சீ வகைக்குத் தடுப்பூசி இல்லையெனினும், சில மாத மாத்திரைகளாற் பெரும்பாலோரைக் குணமாக்கும் மருந்துகள் வந்துள்ளன. நீரிழிவும் பருமனும் உடையவர் ஈரலையும் சோதிப்பித்தல் நன்று.

இறுதியாக எம் இளைய மாணாக்கருக்கு ஒன்று கூறுவோம். தாதியர் பணி பெண்பாலார்க்கே உரியதென்னும் எண்ணம் ஆண்கள் பயிலும் கல்லூரிகளிலே இன்றும் வேரூன்றியுள்ளது. இரவு இரண்டு மணிக்குத் தந்தையைச் சரித்துப் படுக்கவைப்பவனும், அவர்தம் பேச்சிலே தோன்றிய சிறு தடுமாற்றத்தைக் கண்டுகொள்பவனும், மருந்தை நேரந்தவறாது எடுத்துக் கொடுப்பவனும் வீட்டிலுள்ள மகனே. அவன் மருத்துவம் கற்றவனாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. எதனைப் பார்க்கவேண்டும் என அறிந்தவனாகவும், பார்த்ததை உடனே கூறுபவனாகவும் இருப்பின் அதுவே போதும். அவ்வறிவு எம் மாணாக்கர் ஒவ்வொருவரிடத்தும் பெருகுவதாக.